என் காலுக்கு எட்டிய சக்கரம்

மகள் பினாங்குக்குப் படிக்கப் போனபோது தன் அறையை ஏறக்குறைய காலி செய்துவிட்டுத்தான் போனாள். விட்டுப் போனது ஒரே ஒரு பொருள்: ஒற்றைச் சக்கர சைக்கிள். பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்காக வாங்கியது. நிகழ்ச்சி முடிந்ததும் அதை அவள் தொடவில்லை. "யாருக்காச்சும் குடுத்துடுங்கம்மா," என்று போனில் சொன்னாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஏறிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

பெர்மாஸ் ஜெயாவில் எங்களுடையது வரிசை வீடு. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அண்டை வீட்டோடு சேர்ந்த கம்பி வேலி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஷிப்டு வேலை. வார நாட்களில் ஊரெல்லாம் வேலைக்குப் போயிருக்கும்போது எனக்கு விடுமுறை கிடைக்கும். ஆகவே நான் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சுவரையும் வேலியையும் பிடித்துக்கொண்டே பழகினேன். ஒரு நாள் இரண்டையும் விட்டுவிட்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டேன். நிறுத்தத் தெரியாததால், எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளுக்கு நடுவில் போய் இறங்கினேன். பூந்தொட்டி எதுவும் உடையவில்லை. அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர். வாரமெல்லாம் புகையும் நெரிசலுமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் நண்பர்களோடு கெலாங் பாத்தா பக்கம் சைக்கிள் ஓட்டப் போவார். அதுதான் அவருக்கு மூச்சு விடுகிற நேரம். நானும் வருகிறேன் என்று கேட்டேன்.

"எதுல வருவ? அந்தக் குட்டிச் சக்கரத்துலயா?" என்றார். "நீ வந்து சேர்றதுக்குள்ள நாங்க ரொட்டி சானாய் சாப்ட்டு முடிச்சு வீட்டுக்கே வந்துருவோம்லா."

அவர் சொன்னது கேலிதான், ஆனாலும் உண்மை. இந்த வண்டியில் சங்கிலி கிடையாது, கியர் கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான். மகளுடைய இருபது அங்குலச் சக்கரத்தில் எவ்வளவு வேகமாக மிதித்தாலும், பக்கத்தில் நடக்கிறவர் கொஞ்சம் எட்டி நடந்தால் என்னைப் பிடித்துவிடுவார். தூரம் போக வேண்டுமானால் பெரிய சக்கரம் வேண்டும்.

பெரிய சக்கரம் என்றால் எல்லாரும் சொல்வது முப்பத்தாறு அங்குலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் அப்படியொன்றை ஓட்டிக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரைப் பார்த்தோம். மிக நல்ல மனிதர். கேட்டதும் இறங்கிக் கொடுத்தார். என் கணவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முழுதாக இறக்கியும், பெடல் கீழே போகும்போது என் கால் கட்டைவிரல் காற்றைத்தான் தொட்டது. நான் ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சக்கரம் என்னைப் போன்றவர்களை நினைத்துச் செய்யப்பட்டதில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தச் சிங்கப்பூர்க்காரருக்கே பாவமாகிவிட்டது. முப்பத்திரண்டு அங்குலத்திலும் டயர் இருக்கிறது, மிக உயரமான ஆட்களின் சைக்கிளுக்காக யாரோ செய்கிறார்கள், உங்களுக்கு அதுதான் சரியாக இருக்கும் என்றார். "ஆனா அந்த அளவுல ரெடிமேடா எந்தக் கடையிலயும் கிடைக்காது. நீங்களேதான் கட்டணும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒரே எட்டில் தன் சக்கரத்தில் ஏறிப் போனார்.

உயரமான ஆட்களுக்காகச் செய்த டயரை இந்தக் குள்ளச்சி வாங்கப்போகிறேன் என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

டயரும் ரிம்மும் வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தன. சக்கரத்தின் நடுவில் பெடல் அச்சோடு சேர்கிற ஹப்பை மூன்றாவது இடத்திலிருந்து வரவழைத்தேன். சக்கரத்தைத் தாங்கும் கவட்டைக்கு, பழைய இருபத்தொன்பது அங்குல வண்டி ஒன்றின் ஃபிரேம் கிடைத்தது. முப்பத்திரண்டு அங்குல டயரை அதற்குள் விட்டால் மேலே இடித்தது. அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ப் பராமரிப்புப் பிரிவில் வெல்டிங் செய்கிற மலாய்க்கார அண்ணனிடம், நாங்கள் அபாங் என்று கூப்பிடுகிறவரிடம், காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, சைக்கிள் உடைஞ்சு போச்சா? இன்னொரு சக்கரத்தைக் காணோமே," என்று மலாயில் கேட்டார்.

இவ்வளவுதான் வண்டியே என்றேன்.

"அலமாக்," என்றார், அடடா என்பதுபோல. அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சனிக்கிழமை தன் வீட்டுக் கொட்டகையில் ஃபிரேமின் இரண்டு கால்களையும் அறுத்து, நடுவில் குழாய் வைத்து நீட்டி, பற்றவைத்துக் கொடுத்தார். பற்றவைத்த இடம் தெரியாமல் இருக்கட்டும் என்று தன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த பச்சைச் சாயத்தையும் அடித்துவிட்டார். ஓட்டும்போது தனக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

மிச்சமிருந்தது ஸ்போக் கம்பிகள். அத்தனை நீளத்தில் கம்பி எந்த சைக்கிள் கடையிலும் இல்லை. அளவு சொல்லி வெட்டி அனுப்பச் சொன்னால்தான் உண்டு. ரிம்மின் மேலேயே விட்டம் அச்சிட்டிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பினேன். பெட்டி வந்தது. முதல் கம்பியைக் கோத்து, அதை ரிம்மோடு இழுத்துப் பிடிக்கும் முனைத் திருகை முடுக்கினேன். முடுக்கிக்கொண்டே இருந்தேன். கம்பி ரிம்மைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மரை தீர்ந்துபோனது, கம்பி இன்னும் தொளதொளவென்றே இருந்தது. ஒரு சென்டிமீட்டர் கூடுதல் நீளம்!

அப்புறம்தான் விளங்கியது. ரிம்மில் போட்டிருந்த எண் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கம்பி முடிகிற இடம் அதற்கு உள்ளே இருக்கிறது. வேலையில் நாளெல்லாம் மில்லிலிட்டரில் பாதியைப் பார்த்து அளக்கிறவள், வீட்டில் ஒரு சென்டிமீட்டரைக் கோட்டைவிட்டேன்.

மகளிடம் சொன்னபோது, "திரும்ப ஆர்டர் பண்ணுங்கம்மா, வேற என்ன செய்ய?" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. இன்னும் எத்தனை வாரம் காத்திருப்பது? சாப்பாட்டு மேசைமேல் ரிம்மை வைத்து, நடுவில் ஹப்பை வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகப் போவதில்லை. சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கே தாண்டித்தான் ரிம்மை அடைகின்றன. நான் கோத்த முறையில் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் சாய்த்து, நான்கைத் தாண்ட வைத்தால்? வழி நீளும் அல்லவா? தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, ஹப்பின் துளையிலிருந்து ரிம்மின் துளைவரை சாய்த்துப் பிடித்தேன். நூலைக் கம்பிமேல் வைத்துப் பார்த்தேன். கம்பி இரண்டு மில்லிமீட்டர் குட்டை. அதை முனைத் திருகு பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் யாரும் இல்லை. "யெஸ்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கோத்து முடித்தபின் சக்கரத்தை நேராக்கும் வேலை. ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே இடப்பக்கம் இழுக்கிறது, எங்கே வலப்பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்து முடுக்க வேண்டும். ஓரிடத்தைச் சரிசெய்தால் இன்னோர் இடம் வளைந்தது. அன்று மாலை முழுவதும் கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் சோபாவில் படுத்திருந்தார். இந்த வண்டி விஷயத்தில் அவர் அதுவரை கைவைத்ததில்லை. திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அது எறங்கிப் பேசுது," என்றார்.

"எது?"

"இப்ப தட்டுனியே, அந்தக் கம்பி. அதுக்குப் பக்கத்துல உள்ளது ரொம்ப ஏறிப் போச்சு. ரெண்டும் சேரல. உனக்குக் கேக்கலயா?"

அவர் வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர். பஜனைக்கு முன்னால் வலந்தலையின் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டித் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே சுருதி பேசும்வரை விடமாட்டார். அவரைக் கிளப்ப முடியாமல் நான் காருக்குள் காத்திருந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு. இப்போது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் தட்டுவார், "கொஞ்சம் ஏத்து" என்பார், நான் முனைத் திருகைக் கால் சுற்று முடுக்குவேன். "போதும். அடுத்தது எறக்கு." இப்படியே ஒரு பக்கம் முடித்து, சக்கரத்தைத் திருப்பி மறுபக்கம். கடைசியில் சுற்றிவிட்டபோது ரிம் ஆடாமல், சத்தமில்லாமல் சுற்றியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன சுருதி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்காத. சக்கரத்துக்கு நல்ல சுருதி," என்றார்.

ஓட்டுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பெரிய சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டால் அதுவே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். சின்ன வண்டியில் ஒவ்வொரு கல்லுக்கும் உடம்பு குலுங்கும். இதில் மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. நான் ஒருநாளும் இருந்திராத உயரம் வேறு. பெர்மாஸ் ஜெயாவில் வேலிகளுக்கு மேலாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பெண் ஒருவர், கையிலிருந்த சட்டையோடு வாசல்வரை ஓடிவந்து பார்த்தார்.

கஷ்டம் ஏறுவதில்தான். சீட்டு என் விலா எலும்பு உயரத்தில் இருந்தது. மகளுடைய வண்டியில் ஏறியதுபோல் இதில் தாவ முடியாது. ஒரு காலைப் பெடலில் வைத்து அழுத்தினால் சக்கரம் பின்னால் ஓடிவரும். நான் தரையில் இருப்பேன். ஒவ்வொரு முறையும் கணவரின் தோளைப் பிடித்துத்தான் ஏறினேன். அவர் இல்லாத நாளில் விளக்குக் கம்பத்தைப் பிடித்து ஏறுவேன். இப்படி ஏறி, இறங்காமல் ஒரு சுற்றுப் போய், வீட்டு வாசலில் இறங்குவதுதான் என் பயிற்சி.

அவருடைய நண்பர்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு நீ வா," என்று என்னைக் கூட்டிப் போனார். கெலாங் பாத்தா கடைவரிசைக்குப் பின்னால் காரை நிறுத்தினோம். அவர் தோளைப் பிடித்து ஏறினேன். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், ஆள் நடமாட்டம் குறைந்த சாலை. அவர் எனக்காக மெதுவாகத்தான் மிதித்தார். அதனால் பேசிக்கொண்டே போக முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இரண்டு பேரும் இப்படி ஒன்றும் அவசரமில்லாமல், வீட்டுப் பேச்சு எதுவும் பேசாமல் ஒரு காலையைக் கழித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. கடல் பக்கத்து மீனவர் கம்பம், அந்தச் சின்னக் கிராமம், தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். சிங்கப்பூருக்குப் போகிற இரண்டாவது பாலம் மரங்களுக்கு மேலே நீண்டு தெரிந்தது. "அதப் பாக்காத, நாளைக்கு வேல ஞாபகம் வந்துரும்," என்றார்.

அப்போதுதான் அவருடைய சைக்கிளில் 'கடக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தில் சங்கிலியை மாற்றிப் போடுகிற கியர் கை முறிந்து, கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. நானும் இறங்கினேன். வாடகை வண்டி கிடைக்குமா என்று போனில் தேடினார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வர எவரும் இல்லை.

"நான் போய்க் காரை எடுத்துட்டு வரேன்," என்றேன்.

என்னைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். "தனியாவா? நடுவுல எறங்கிட்டா யாரு ஏத்திவிடுவா?"

"எறங்கமாட்டேன்."

அவர் தோளைப் பிடித்து ஏறினேன். "மெதுவா போ, லோரி வந்தா ஓரம் ஒதுங்கு, போன் எடுத்துக்கிட்டியா," என்று என் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

பாதி வழிவரை ஒரு குறையும் இல்லை. ஒரு வளைவு தாண்டியதும், சாலை முழுக்க மாடுகள். யாருடைய மாடுகளோ, எந்த அவசரமும் இல்லாமல் குறுக்கே நின்றன. இந்த வண்டியில் நின்ற இடத்தில் காத்திருக்க எனக்குத் தெரியாது. இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. மாடுகள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குள் போயின. நானும் பச்சை வண்டியும் சாலையில் நின்றோம். பிடித்து ஏற ஒரு கம்பம் இல்லை. இருந்த ஒரே அறிவிப்புப் பலகையும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எதிரே, தேங்காய்ப்பால் சோறு விற்கிற ஒரு நாசி லெமாக் கடை. அங்கே காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நாற்காலிகளை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தெரியாதவர்களிடம் தோள் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் முறை சக்கரம் பின்னால் ஓடிவந்து என் முழங்காலில் இடித்தது. இரண்டாவது முறை ஏறி, மறுபக்கம் இறங்கினேன். கடைக்காரப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இதுமேல ஏறுங்க அக்கா," என்றார் மலாயில். நாற்காலிமேல் நின்று பார்த்தேன். நாற்காலி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், நடுவில் நான். அந்தப் பெண் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வலது காலை முதலில் வை என்றார், இன்னொருவர் இடது காலை என்றார். அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமே ஆரம்பமாகிவிட்டது.

சிரித்ததில் என் பயம் கொஞ்சம் இறங்கியது. கணவரின் தோள் இல்லையே என்று பதறி, ஒவ்வொரு முறையும் நான் பெடலை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மிதிக்கக் கூடாது. அது உருளும்போது கூடவே போக வேண்டும். கடை வாசலிலிருந்து சாலை லேசாக இறக்கமாகப் போனது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டு எட்டு நடந்தேன். பெடல் மேலே வந்த நேரத்தில் கால் வைத்தேன், அழுத்தவில்லை, சும்மா வைத்தேன். சக்கரம் என்னைத் தூக்கிக்கொண்டது. மறுகால் தானாகப் போய் இன்னொரு பெடலில் உட்கார்ந்தது.

பின்னால் கடையே கத்தியது. திரும்பிக் கையாட்டினால் விழுந்துவிடுவேன் என்பதால் திரும்பவில்லை. "திரிமா காசே!" என்று நன்றி மட்டும் கத்தினேன். அடுத்த வளைவு வரும்வரை என் வாய் மூடவே இல்லை. தனியாகச் சாலையில், என்னவோ ராகம் இழுத்துப் பாடிக்கொண்டே போனேன். மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதி ஒன்று வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வந்தது. பின்னால் இருந்த பெண் போனில் படமெடுத்தார். எடுக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காருக்குப் பக்கத்தில் இறங்கினேன். ஒரு பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துமுடித்தேன்.

திரும்பிப் போனபோது, அவர் சோகமாகச் சாலையோரம் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணியிருந்தேன். மனிதர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மீனவர் கம்பத்துக்கே போய்விட்டார். படகுத்துறையில் மீனவர் ஒருவரோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை நிறைய திருக்கை மீன்.

"எத்தன தடவ எறங்குன?" என்றார்.

"ஒரு தடவ. மாடு."

"யாரு ஏத்திவிட்டா?"

"யாரும் இல்ல. நானே ஏறுனேன்."

"பொய் சொல்லாதலா."

வரும் வழியில் நாசி லெமாக் கடையில் காரை நிறுத்தினேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, என் கணவரிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டினார். நான் நாற்காலியிலிருந்து விழுந்ததை மட்டும் இரண்டு தடவை நடித்தார். என் கணவர் கேட்கக் கேட்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மறுநாள் காலை ஷிப்டு. பரிசோதனைக் கூடம் மாடியில். ஏறுவதற்கு எப்படியோ ஏறிவிட்டேன்; இறங்கத் தொடை மறுத்துவிட்டது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் இறங்கினேன். கீழே வெல்டிங் அபாங் நின்றிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். பைக்குள்ளிருந்து போனை எடுத்து, முந்தின நாள் சாலையில் கணவர் எடுத்து அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஃபிரேமைத்தான் பார்த்தார். வீடியோவை நிறுத்தி, தான் பற்றவைத்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "குவாட்," என்றார் திருப்தியோடு. உறுதியாகத்தான் இருக்கிறது என்று பொருள். பிறகு அந்த வீடியோவை வேலையிடத்திலிருந்த எல்லாருக்கும் காட்டுவதற்காக என் போனையே வாங்கிக்கொண்டு போய்விட்டார். மதிய உணவு நேரம்வரை அது என் கைக்குத் திரும்பி வரவில்லை.